மாமனார் கோஹென் என்கிறார்: எந்த மரபணுச் சோதனையை வாங்குவது?

டொரண்டோவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். தமிழ்ப் பெண், கணவர் அஷ்கெனாசி யூதர் (மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூத மரபு). மாமனாருக்கு 84 வயது. "நாங்கள் கோஹென், ஆரோனின் வம்சம்" என்று பண்டிகைக்குப் பண்டிகை சொல்வாராம். பதினோரு வயது மகன் ஒருநாள், "தாத்தா சொல்றது நிஜமான்னு டெஸ்ட் பண்ணிப் பார்த்துடலாமே" என்று ஆரம்பித்துவிட்டான். இணையத்தில் தேடினால் 60 டாலரிலிருந்து 500 டாலர் வரை வகைவகையாக கிட் விற்கிறார்கள். எதை வாங்குவது என்பது அவர் கேள்வி.

அதே வாரம் இஸ்ரேலின் பெயர்ஷெபாவில் ஆய்வு மாணவராக இருக்கும் ஒருவரும் எழுதினார். அருகில் நெவாட்டிம் கிராமத்தில் அவருக்கொரு நண்பர் உண்டு. கொச்சி யூதக் குடும்பம். அந்த நண்பருக்கும் இதே ஆசை. கேள்வி ஒன்றுதான். பதில் இரண்டு பேருக்கும் வேறு.

கோஹென் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ் விவிலியத்தில் 'ஆசாரியன்' என்று வருவது எபிரேயத்தில் கோஹென். மோசேயின் அண்ணன் ஆரோனின் ஆண்வழி வாரிசுகளுக்கு உரிய பட்டம் அது. லேவி கோத்திரத்தின் மற்ற ஆண்கள் லேவியர். யூதர் என்ற அடையாளம் தாய்வழியாக வரும். கோஹென், லேவி என்ற பட்டம் மட்டும் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும். ஒய் குரோமோசோமும் அப்படியே அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகிறது. சிறுநீரக மருத்துவர் கார்ல் ஸ்கொரெக்கியும் ஒரு கோஹென். ஜெப ஆலயத்தில் தோரா வாசிக்க எழுந்த இன்னொரு கோஹெனைப் பார்த்தார். அவர் செபார்டி மரபினர் (ஸ்பெயின், போர்ச்சுகல் வழி வந்த யூதர்). தோற்றத்தில் இருவருக்கும் ஒற்றுமையே இல்லை. மரபு சொல்வது உண்மையென்றால் இரண்டு பேருக்கும் ஒய் குரோமோசோமில் ஒரே அடையாளம் இருக்க வேண்டுமே என்று யோசித்தார். அரிசோனா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஹாமர் முதலானோருடன் சேர்ந்து அவர் செய்த ஆய்வு 1997-ல் நேச்சர் இதழில் வந்தது. இந்தச் சந்தையே அதிலிருந்துதான் கிளைத்தது.

## எதை வைத்து எடை போடுவது

கேள்வி எது? "எனக்கு யூத வழி உண்டா" என்பது ஒரு கேள்வி. "என் நேர் ஆண்வழி யூதர்தானா" என்பது இன்னொன்று. "அந்த ஆண்வழி கோஹென் கிளையில் சேர்கிறதா" என்பது மூன்றாவது. மூன்றுக்கும் மூன்று சோதனை. கடையில் கிட் வாங்கி ஏமாந்தவர்களில் பலர் முதல் கேள்விக்கான கிட்டை வாங்கிவிட்டு மூன்றாவதற்குப் பதில் தேடியவர்கள்தான்.

எவ்வளவு ஆழம்? 200 ஆண்டா, 3000 ஆண்டா?

ஒப்பிட ஆள் இருக்கிறதா? ஆரோனின் எலும்பு யாரிடமும் இல்லை. உயிரோடு இருக்கும் மற்ற கோஹென்களோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். ஆகவே உங்களைப் போன்றவர்கள் ஏற்கெனவே எத்தனை பேர் சோதித்திருக்கிறார்கள் என்பது ஆய்வகத்தின் தரத்தைவிட முக்கியம்.

யார் ஏற்றுக்கொள்வார்கள்? மரபுவழி ரப்பிகள் (யூத மதகுருமார்) மரபணு முடிவை வைத்து ஒருவரைக் கோஹென் ஆக்குவதில்லை, நீக்குவதும் இல்லை. முடிவு உங்கள் வீட்டுக் கூடத்துக்கு மட்டும்தான்.

அப்புறம் பணம். அதை ஒவ்வொரு வழியிலும் தனியாகச் சொல்கிறேன்.

## வழி 1: கல்லும் காகிதமும்

சோதனையே வேண்டாம் என்பதும் ஒரு வழிதான், அதுவும் இலவச வழி. கோஹென் கல்லறைகளில் ஆசீர்வாதம் செய்யும் இரு கைகள் விரல் பிரித்துச் செதுக்கப்பட்டிருக்கும். லேவியர் கல்லறையில் நீர்க்குடம். பெயருக்குப் பின்னால் 'ஹ-கோஹென்' என்று எபிரேயத்தில் இருக்கும். திருமண ஒப்பந்தமான கெத்துபாவிலும் மாப்பிள்ளை, அவர் அப்பா, பட்டம் எல்லாம் இருக்கும். கோஹென், கான், கட்ஸ் என்ற குடும்பப் பெயர்கள் ஒரு குறிப்பு. கட்ஸ் என்பது 'கோஹென் செதக்' என்பதன் சுருக்கம். ஆனால் குறிப்பு மட்டும்தான்: அஷ்கெனாசி யூதர்களில் பெரும்பாலோருக்கு நிலையான குடும்பப் பெயரே ஆஸ்திரியாவில் 1787, ரஷ்யாவில் 1804, பிரஷ்யாவில் 1812 என்று அரசாணை போட்ட பிறகுதான் வந்தது.

அங்கேதான் இந்த வழியின் எல்லையும். 1750-க்கு முன்னால் போனால் சாதாரணக் குடும்பத்துக்குக் காகிதம் கிடைப்பது அபூர்வம்.

கொச்சி நண்பருக்குக் கதை வேறு. அவருடைய சமூகத்திடம் காகிதத்தைவிட உறுதியானது இருக்கிறது: சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் கி.பி. 1000 வாக்கில் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு வழங்கிய செப்பேடு. வட்டெழுத்தில் பொறித்தது. அஞ்சுவண்ணமும் (ஒரு வணிகக் குழு) 72 உரிமைகளும் அவருக்கும் அவர் வழித்தோன்றலுக்கும் கொடுக்கப்பட்டதை அது சொல்கிறது. சமூகம் அங்கே ஆயிரம் ஆண்டாக இருப்பதற்கு இதைவிட நல்ல சான்று எந்த எச்சில் குழாயிலும் வராது. ஆனால் குறிப்பிட்ட ஒரு குடும்பத்தின் ஆண்வழி யார் என்று செப்பேடு சொல்லாது.

## வழி 2: 60 முதல் 100 டாலர் கிட்

ஆன்செஸ்ட்ரி, மைஹெரிடேஜ், 23அண்ட்மீ போன்றவை. விளம்பரத்தில் நீங்கள் பார்ப்பது இவற்றைத்தான். அப்பா, அம்மா இருவர் வழியும் கலந்த மரபணுவைப் பார்த்து "இத்தனை சதவீதம் அஷ்கெனாசி" என்று சொல்வார்கள்.

அஷ்கெனாசி விஷயத்தில் இது ஆச்சரியப்படும் அளவுக்குத் துல்லியம். 600-800 ஆண்டுகளுக்கு முன் அந்தச் சமூகம் ஏறத்தாழ 350 பேர் என்ற அளவுக்குச் சுருங்கிப் பின் பெருகியது என்று 2014-ல் ஒரு ஆய்வு கணக்கிட்டது. அதனால் இன்றுள்ளவர்களின் மரபணுத் துண்டுகள் ஒன்றையொன்று அப்பட்டமாக ஒத்திருக்கும். இதே காரணத்தால் ஒரு தொல்லையும் உண்டு: பட்டியலில் ஆயிரக்கணக்கான 'நான்காம் தலைமுறைச் சொந்தங்கள்' வருவார்கள். பலர் அவ்வளவு நெருக்கம் இல்லை. பல வழியில் தூரத்துச் சொந்தமாக இருப்பது ஒரு வழியில் கிட்டத்துச் சொந்தம் போலத் தெரிகிறது.

ஆண்வழிக்கு இது பயன்படுமா? ஒரே ஆண் மூதாதையரிடமிருந்து வந்தவர்களின் ஒய் குரோமோசோம்களை ஒரு கிளை என்பார்கள்; ஆன்செஸ்ட்ரி அந்த ஒய் கிளையையே சொல்வதில்லை. 23அண்ட்மீ சொல்லும், ஆனால் மேலோட்டமாக. பத்துத் தலைமுறை மேலே போனால் உங்களுக்கு 1024 மூதாதையர். சதவீதக் கணக்கு அத்தனை பேரையும் கலந்து தருகிறது. ஒய் அதில் ஒரே ஒருவரை மட்டும் காட்டுகிறது. இரண்டும் வேறு வேறு கேள்வி.

எச்சில் குழாயில் இன்னொரு நடைமுறைச் சிக்கல். வயதானவர்களுக்கு வாய் உலர்ந்திருக்கும், குழாயை நிரப்பவே திணறுவார்கள். 84 வயதுக்காரருக்குக் கன்னத்தின் உட்புறம் தேய்க்கும் பஞ்சுக் குச்சிதான் சரி.

## வழி 3: ஒய்-37, ஒய்-111

ஹூஸ்டனில் உள்ள ஃபேமிலி ட்ரீ டிஎன்ஏ தரும் சோதனை. ஒய் குரோமோசோமில் சில இடங்களில் ஒரே துண்டு திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை வருகிறது என்று 37 இடங்களிலோ 111 இடங்களிலோ எண்ணுவார்கள். முதலாவது 120 டாலர் சுற்றில், இரண்டாவது 250 சுற்றில். தள்ளுபடிக் காலத்தில் குறையும்.

இதன் பலமும் பலவீனமும் ஒரே கதையில் தெரியும். 1998-ல் வந்த ஆய்வு வெறும் 6 இடங்களை எண்ணி, கோஹென்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு ஒரே எண் வரிசை இருப்பதைக் காட்டியது. 'கோஹென் மாதிரி வரிசை' (கோஹென் மோடல் ஹாப்லோடைப்) என்று அது புகழ் பெற்றது. தென் ஆப்பிரிக்கா, ஜிம்பாப்வேயில் வாழும் லெம்பா மக்கள் தங்கள் முன்னோர் வடக்கிலிருந்து வந்த யூதர்கள் என்று வாய்மொழியாகச் சொல்லி வந்தவர்கள். 2000-ல் அவர்களைச் சோதித்தபோது, குருமார் குலமான புபா குலத்தில் பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் அந்த வரிசை இருந்தது. உலகப் பத்திரிகைகள் கொண்டாடின.

பிறகு இடங்களைக் கூட்டி எண்ண ஆரம்பித்ததும் கொண்டாட்டம் அடங்கியது. 6 இடங்கள் ஒத்துப்போவது தற்செயலாகவும் நடக்கும். எண்கள் ஏறும், இறங்கும், வெவ்வேறு கிளைகள் ஒரே எண்ணில் வந்து நிற்கும். யூதரல்லாத மேற்காசியர்களிடமும் இத்தாலியர் சிலரிடமும் அந்த வரிசை கிடைத்தது. 2009-ல் ஹாமர் குழு 12 இடங்களுக்கு விரித்து, ஜே-பி58 என்ற கிளைக்குள் இருப்பதையும் நிபந்தனை ஆக்கியது. லெம்பாவை நுணுக்கமாக மறுபடி பார்த்தபோது அந்த விரித்த வரிசை அவர்களிடம் இல்லை. மேற்காசிய ஆண்வழி இருக்கிறது. கோஹென் என்று சொல்லத்தான் முடியவில்லை.

ஆகவே யாராவது "எனக்கு ஜே1 வந்துவிட்டது, நான் கோஹென்" என்றால் சற்று பொறுக்கச் சொல்லுங்கள். ஜே1-இன் அதே பி58 கிளை ஏமனிலும் சவூதியிலும் பெதூயின்களிடமும் (அரபு நாடோடிகள்) மலிந்து கிடக்கிறது.

37 இடங்கள் எதற்குப் போதும்? ஒத்துப்போகிறவர்கள் பட்டியலில் கோஹென், கட்ஸ், கான் என்று வரிசையாக வந்தால் திசை தெரிந்துவிடும். முடிவு அல்ல, திசை.

## வழி 4: பிக் ஒய்-700

அதே நிறுவனம். 450 டாலர் சுற்றில். இங்கே எண்ணுவதோடு நிறுத்தாமல் ஒய் குரோமோசோமின் படிக்கக்கூடிய பகுதியை எழுத்து எழுத்தாகப் படிக்கிறார்கள். எழுத்து மாறினால் பெரும்பாலும் திரும்ப மாறாது. சராசரியாக 80 சொச்சம் ஆண்டுக்கு ஒரு புது மாற்றம் கிடைக்கும். அதனால் மரத்தில் உங்கள் கிளை எங்கே பிரிந்தது, எப்போது பிரிந்தது என்பதை வரைய முடிகிறது.

கோஹென்களின் பெரிய கொத்து ஜே-இசட்18271 என்ற கிளையில் இருக்கிறது. அதற்குள் விழுந்தால், அஷ்கெனாசி, செபார்டி, கிழக்கத்திய யூதக் கோஹென்கள் பலரோடு எருசலேம் கோவில் இருந்த காலத்துப் பொது மூதாதையர் ஒருவர் உங்களுக்கு உண்டு என்று பொருள். அந்த மூதாதையர் ஆரோன்தானா என்று எந்தச் சோதனையும் சொல்லாது.

லேவியருக்கு வேறு கிளை. அஷ்கெனாசி லேவியரில் பாதிக்கு மேல் ஆர்1ஏ. 2003-ல் இதைப் பார்த்துவிட்டு, கிழக்கு ஐரோப்பாவில் யாரோ ஒருவர் உள்ளே வந்திருக்கிறார் என்று பலர் தீர்மானித்துவிட்டார்கள். 2013, 2017 ஆய்வுகள் முழு ஒய்யையும் படித்தபோது, அது ஆர்1ஏ-ஒய்2619 என்ற தனிக்கிளை, கிழக்கு ஐரோப்பிய வகையிலிருந்து வெகு முன்பே பிரிந்தது, மேற்காசியத் தொடர்புடையது என்று தெரிந்தது. எண்ணும் சோதனையை மட்டும் நம்பியிருந்தால் அந்தத் தவறு இன்றும் நீடித்திருக்கும். நான் வழி 4 பக்கம் சாய்வதற்கு இந்த ஒரு கதையே போதும்.

மறைவான செலவு: நேரம். முடிவு வர இரண்டு மூன்று மாதம் ஆகலாம். வந்த பிறகும் கிளைப் பெயர்களைப் புரிந்துகொள்ள யூத ஆண்வழிகளைத் தொகுக்கும் அவோதாய்னு டிஎன்ஏ திட்டம் போன்ற குழுவில் சேர வேண்டியிருக்கும். அவர்கள் குடும்ப மரம் கேட்பார்கள். அப்போது வழி 1-க்கே திரும்பி வருவீர்கள்.

குறுக்கு வழி ஒன்று: எந்தக் கிளை என்ற ஊகம் ஏற்கெனவே வலுவாக இருந்தால், பெர்லினில் உள்ள ஒய்செக் ஆய்வகத்தில் ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் மலிவாகச் சோதிக்கலாம்.

## வழி 5: முழு மரபணுத் தொகுதி

சில நூறு டாலரில் எல்லாவற்றையும் படித்துத் தருகிறார்கள். கோப்பு பல பத்து ஜிபி இருக்கும்; அதை யுஃபுல் போன்ற தளத்தில் ஏற்றித்தான் ஒய் கிளை தெரிந்துகொள்ள வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம். ஒய் ஒற்றைப் பிரதி என்பதால், 30 மடங்கு ஆழம் (ஒவ்வொரு இடத்தையும் சராசரியாக 30 முறை படிப்பது) என்று விற்பது அங்கே பாதிதான் கிடைக்கும்.

பெரிய விஷயம் வேறு. வேண்டியதோடு வேண்டாததும் வரும். அஷ்கெனாசி வழியினரில் 40-ல் ஒருவருக்கு மார்பக, சினைப்பைப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் பிஆர்சிஏ மாற்றம் உண்டு. தாத்தாவின் வம்சம் பார்க்கப் போய், நாத்தனாருக்கு மருத்துவரைப் பார்க்கச் சொல்லும் நிலை வரலாம். தெரிந்துகொள்வது நல்லதுதான். ஆனால் அதை ஒரு தனி முடிவாக, மருத்துவ ஆலோசனையோடு எடுக்க வேண்டும். கனடாவில் 2017-ன் சட்டம் மரபணுச் சோதனை முடிவைக் காப்பீட்டு நிறுவனங்கள் கேட்பதைத் தடுக்கிறது. அமெரிக்காவின் 2008 சட்டம் ஆயுள் காப்பீட்டைத் தொடுவதில்லை.

## ஒரே பார்வையில்

| வழி | பதில் சொல்லும் கேள்வி | சுமாரான செலவு | எங்கே கால் வாரும் |
|---|---|---|---|
| கல், காகிதம் | குடும்பம் கோஹென் என்று சொல்லி வந்ததா | பயணமும் நேரமும் | 1750-க்கு முன் இருட்டு |
| மலிவு கிட் | யூத வழி உண்டா | 60-100 டாலர் | ஆண்வழியைத் தனியே காட்டாது |
| ஒய்-37, 111 | எந்தத் திசை | 120-250 டாலர் | தற்செயல் ஒற்றுமை |
| பிக் ஒய்-700 | எந்தக் கிளை, எப்போது பிரிந்தது | 450 டாலர் | காத்திருப்பு, புரிந்துகொள்ளும் உழைப்பு |
| முழுத் தொகுதி | எல்லாம் | சில நூறு + கூடுதல் கட்டணம் | கேட்காத மருத்துவச் செய்தி |

## விலைப்பட்டியலில் இல்லாத செலவுகள்

'நதிமூலம் ரிஷிமூலம் பார்க்காதே' என்று நம்மவர்கள் சொல்லி வைத்ததில் கொஞ்சம் கணக்கும் இருக்கிறது. ஐரோப்பாவில் பதிவேடுகளையும் ஒய் குரோமோசோமையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆய்வுகளில், ஊரறிந்த அப்பா வேறு, உண்மை அப்பா வேறு என்பது ஒரு தலைமுறைக்கு 1 சதவீதம் அளவில் வந்தது. ஆரோன் காலத்திலிருந்து சுமார் 100 தலைமுறை என்று வையுங்கள். 1 சதவீதமே என்றாலும், நூறு தலைமுறையும் தப்பாமல் வர வாய்ப்பு நூற்றில் 37தான். தத்து எடுத்ததும், மாப்பிள்ளை மாமனார் பெயரை ஏற்றதும் இதில் சேரும்.

2009 ஆய்வில் ஜே-பி58 கோஹென்களில் 46.1 சதவீதம்தான். மீதிப்பேர் வேறு கிளைகளில். சமாரியரின் குருமார் குடும்பம்கூட இ கிளையில் இருக்கிறது, அவர்களுடைய மற்றக் குடும்பங்கள்தான் ஜே. ஆகவே மாமனாருக்கு வேறு கிளை வந்தால் அவர் சொன்னது பொய் என்று ஆகாது. குச்சியைக் கையில் கொடுப்பதற்கு முன்பே இதை அவரிடம் சொல்லிவிட வேண்டும், வந்த பிறகு அல்ல.

தகவல் பாதுகாப்பு. 2023-ல் 23அண்ட்மீயில் 69 லட்சம் பேரின் தகவல் களவு போனது. திருடர்கள் முதலில் கடை விரித்ததே அஷ்கெனாசி யூதர்களின் பட்டியலைத்தான். 2025 மார்ச்சில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. யூதப் பட்டியல் என்ற சொல்லுக்கு அந்த மாமனார் வயதினரிடம் நாஜிக் காலத்துப் பொருள் ஒன்றும் உண்டு. அவர் மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். ஃபேமிலி ட்ரீ டிஎன்ஏவிலும் காவல்துறைத் தேடலுக்கு உடன்படும் தேர்வு ஒன்று இருக்கிறது. கணக்கு திறந்ததும் அதைப் பார்த்து, வேண்டாமென்றால் அணைத்துவிடுங்கள்.

வாசகிக்கு மட்டும் உரிய ஒரு விஷயத்தை நேராகவே சொல்கிறேன். உங்கள் மகனிடம் தாத்தாவின் ஒய் அப்படியே இருக்கிறது. ஆனால் நீங்கள் மதம் மாறாதவர் என்றால் மரபுவழி யூதச் சட்டப்படி அவன் யூதன் அல்ல, கோஹெனும் அல்ல. பின்னால் அவன் விரும்பி மதம் மாறினாலும் கோஹென் பட்டம் வராது. அமெரிக்காவின் சீர்திருத்தப் பிரிவு 1983-ல் தந்தைவழியையும் ஏற்றது, ஆனால் அங்கே கோஹென் என்ற பிரிவுக்கே பெரிய மதிப்பு இல்லை. குரோமோசோம் போய்ச் சேரும் இடமும் பட்டம் போய்ச் சேரும் இடமும் ஒன்றல்ல என்பதைப் பதினோரு வயதுக்குப் புரியும்படி முடிவு வருவதற்கு முன் சொல்லி வைப்பது நல்லது.

## சரி, யாருக்கு எது

நெவாட்டிம் நண்பருக்கு: அவசரப்பட வேண்டாம். இஸ்ரேலின் 2000-ஆம் ஆண்டு மரபணுத் தகவல் சட்டத்தால் அங்கே இந்தக் கிட்டுகளைக் கடையில் வாங்குவதுபோல வாங்க முடியாது. உறவு நிரூபிக்கும் சோதனைக்கு நீதிமன்ற ஆணை வேண்டும். முறைகேடாகப் பிறந்தவர் என்ற முத்திரை யூதச் சட்டத்தில் திருமணத்தையே தடுக்கும் என்பதும் இந்தக் கெடுபிடிக்கு ஒரு காரணம். கொச்சி யூதர்களிடம் இந்திய வழியும் யூத வழியும் கலந்திருப்பதை 2016-ல் வந்த ஆய்வு காட்டிவிட்டது. அவர் ஒருவர் மலிவு கிட் போட்டால் அதையேதான் மறுபடி கேட்பார். ஆண்வழி கேள்விக்குப் பிக் ஒய் தகும். ஆனால் சோதித்த கொச்சிக்காரர்கள் குறைவு என்பதால் பட்டியல் வெறிச்சோடி இருக்கலாம். ஊரில் ஏழெட்டுக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு ஆய்வுக் குழு வழியாகச் செய்தால்தான் அந்தப் பணத்துக்குப் பயன்.

குடும்பக் கதை எதுவும் இல்லாமல், "எங்கோ யூத வழி இருக்குமோ" என்ற ஆர்வம் மட்டும் உள்ளவருக்கு வழி 2 போதும். தாய்வழியில் யூதர் என்று சந்தேகிப்பவரும் அங்கேயே நிற்கலாம், ஒய் அவருக்கு உதவாது. பெண்களுக்கு ஒய் கிடையாது. அப்பா, அண்ணன் தம்பி, பெரியப்பா சித்தப்பா மகன்களில் ஒருவர் குச்சி பிடிக்க வேண்டும். பணம் இறுக்கம் என்றால் ஒய்-37 வாங்கிவிட்டு, கோஹென் பெயர்கள் தென்பட்டால் கொடுத்த அதே கன்ன மாதிரியைக் கொண்டே மேலே போகலாம். மொத்தச் செலவு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

டொரண்டோ வாசகிக்கு: கிட்டை மகனுக்கு வாங்காதீர்கள், மாமனாருக்கு வாங்குங்கள். இரண்டு பேருக்கும் ஒய் ஒன்றுதான். ஆனால் 84 வயதில் ஒத்திப்போடச் சௌகரியம் இல்லை, ஒரு தலைமுறை மேலேயிருந்து தொடங்குவது ஒப்பீட்டுக்கும் நல்லது. அவர் சம்மதித்தால் நேராகப் பிக் ஒய்-700. மலிவு கிட்டில் தொடங்கி மெல்ல மேலே போகும் திட்டம் இவர் விஷயத்தில் வேண்டாம். குச்சி தேய்க்கும் அன்று கைபேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, அவருடைய அப்பா, தாத்தா எபிரேயப் பெயர்களையும், அவர்கள் கல்லறை எந்த ஊரில் என்பதையும், கல்லில் கைகள் செதுக்கியிருந்ததா என்பதையும் கேட்டுவிடுங்கள். கணக்கை அவர் பெயரிலேயே பதியுங்கள். அதில் தனக்குப் பிறகு இந்தக் கன்ன மாதிரியும் கணக்கும் யாருக்குச் சேர வேண்டும் என்று எழுத ஒரு கட்டம் இருக்கும். பெரும்பாலோர் காலியாக விட்டுவிடுவார்கள். அதில் பேரன் பெயரை அவரையே எழுதச் சொல்லுங்கள்.